பெண்டாட்டிக்காக மலை சுற்றியவர்

சக்கரவர்த்தி தன் பெண்டாட்டிக்காக மலை சுற்றுகிறார் என்ற சேதி திருவண்ணாமலையில் நாலு தெருவுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அவரேதான் சொன்னார். தன் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவனிடம் சொன்னார். முடி வெட்டிக்கொள்ளும்போது, தலையை ஆட்டாதீங்க என்று சொன்னவனிடமும் சொன்னார்.

"அவளால எழுந்து உக்காரவே முடியலைங்க. ஞாயித்துக்கிழமை தவறாம அவ நடையையும் சேத்து நானே நடந்துடறேன்."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கொடுத்து வைத்த மகராசி பாஞ்சாலை, கூடத்துக் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தாள்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். மார்பில் வந்த கட்டியை வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி இருந்தால் கருகட்டும் என்று வாரத்தில் ஐந்து நாள் கரண்டு வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு ஊரில் அதுதான் பெயர். சனி ஞாயிறு மிஷினுக்கு லீவு. வியாதியின் பெயர் மட்டும் வீட்டில் யார் வாயிலும் வராது. "அந்த இது" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

வேடிக்கையைக் கேளுங்கள். பாஞ்சாலை ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது. வாசலுக்கு வரக் கூடாது. எழுந்து நின்றால், "ஐயையோ, படும்மா படு" என்று நாலு பேர் பதறுவார்கள். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, விடிந்தால் அதே பாஞ்சாலை தனியாக வேலூர் பஸ் ஏறி, போளூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகலாம். அதற்கு மட்டும் உடம்பு தாங்கும். கூடப் போக யாருக்கும் ஒழியவில்லை. சக்கரவர்த்திக்குப் பஸ் வாடையே ஆகாதாம், தலை சுற்றுமாம். பாவம், மலை மட்டும்தான் சுற்ற முடியும்.

வீட்டு நிர்வாகத்தை அவருடைய அக்கா ஆதிலட்சுமி ஏற்றுக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தம்பி குடும்பத்தைத் தாங்குவதற்காகவே வந்திருந்தாள். வந்த அன்றைக்கே கட்டிலை உள்ளறையிலிருந்து கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டாமா? வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் சாத்துக்குடியுமாக. நோயாளி படுத்திருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஒருநாள் பாஞ்சாலை உட்கார்ந்தபடி பேசிவிட்டாள். அடுத்த வீட்டுக் கன்னியம்மாளுக்கு முகமே செத்துப்போயிற்று. "நல்லாத்தானே இருக்கற" என்று, கொண்டுவந்த ரொட்டியைத் திருப்பிக் கேட்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கன்னியம்மாள் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்குவதாக நினைத்து அவளும் ஆதிலட்சுமியும் அடுப்படியில் உட்கார்ந்து, பாஞ்சாலைக்கு வந்த ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே பேசினார்கள்.

"என் தம்பிக்கு என்னா வயசா ஆயிடுச்சு?" என்றாள் ஆதிலட்சுமி. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சோத்துக்கு யார்கிட்ட போய் நிப்பான், சொல்லு. எங்க ஊர்ல ஆராயின்னு ஒரு பொண்ணு இருக்குது. வாயில்லாப் பூச்சி. கேட்டு வெச்சிருக்கேன்."

"கேட்டு வெக்கறதுல என்னா தப்பு?" என்றாள் கன்னியம்மாள், வாய் நிறைய ரொட்டியோடு.

பாஞ்சாலை கண்ணைத் திறக்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சாவுக்கு அவள் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருந்தாள். மிஷினுக்கு அடியில் தனியாகப் படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆனால் தன் அடுப்படியில், தன் ரொட்டியைத் தின்றுகொண்டே தன் இடத்தைப் பெருக்கித் துடைத்து இன்னொருத்திக்குத் தயார் செய்கிறார்களே! பயம் போய் ஆத்திரம் வந்தது. இந்தக் கட்டிலிலேயே கிடந்தால் வியாதி விட்டாலும் இவர்கள் விடமாட்டார்கள். கொன்று, மாலை போட்டு, ஆராயிக்குக் கூறைப்புடவையும் எடுத்துவிடுவார்கள்.

வேலூர் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்: "சும்மா படுத்துக் கெடக்காதீங்க. அசதி வரும். அதுக்காகப் படுத்தா இன்னும் ஜாஸ்தியாவும். முடிஞ்ச வரைக்கும் நடங்க, முடியலைன்னா உக்காருங்க. கை வெறைச்சுப் போவாம இருக்க, விரலைச் சுவத்துல வெச்சு மெதுவா மேல ஏத்துங்க." பாஞ்சாலை இதை வீட்டில் வந்து ஒப்பித்தபோது ஆதிலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வைக்கற கரண்டெல்லாம் காலு வழியா மண்ணுல எறங்கிடாதா?" என்று சொல்லி, ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து கட்டிலடியில் போட்டாள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாதவளுக்குச் செருப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அடுப்படிப் பேச்சுக்கு மறுநாள் விடியற்காலையில், சக்கரவர்த்தி பட்டையாகத் திருநீறு பூசி, அக்காளிடம் ஆசி வாங்கிக்கொண்டு மலை சுற்றக் கிளம்பிய பிறகு, ஆதிலட்சுமியின் குறட்டை சுதி சேரும் வரை காத்திருந்து பாஞ்சாலை தோட்டத்துக் கதவைத் திறந்தாள். தெருக்கோடிக்குப் போவதற்குள் கால் பின்னியது. பூட்டியிருந்த கடைப் படியில் உட்கார்ந்தாள். எழுந்து திரும்பி வந்தாள். அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸில் தலை கொஞ்சம் கம்மியாகக் கனத்தது.

பிறகு அவள் விடவில்லை. வேலூரில் பஸ் இறங்கி ரிக்‌ஷா வைக்காமல் நடந்தாள். லீவு நாட்களில் செங்கம் ரோடு வரைக்கும், அப்புறம் ரமணாசிரமம் வரைக்கும் போனாள். ஆசிரமத்து வாசலில் நின்ற வெள்ளைக்காரிகள் வணக்கம் சொன்னார்கள். தோட்டத்துச் சுவரில் விரலை ஏற்றினாள். தோல் சிவந்து எரிந்தது, கை பாதியில் நின்றது. திட்டிக்கொண்டே ஏற்றினாள். பரண் மேலிருந்த புளிப்பானையைத் தானே எட்டி எடுத்த அன்று, அதை அணைத்துக்கொண்டு அழுதாள்.

கரண்டு வைக்கிற கடைசி வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து பார்ப்போம், திரும்புவதற்குத்தான் டவுன் பஸ் இருக்கிறதே. இன்னொன்றும் இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. அக்காள்காரி என்ன செய்தாலும் அந்த மனுஷன் நமக்காக வெறுங்காலோடு நடக்கிறாரே என்று மனசு இளகியிருந்தது. வழியில் பார்த்தால் கூடச் சேர்ந்து கொஞ்ச தூரம் நடக்கலாம்.

மெதுவாகத்தான் நடந்தாள். புளியமரத்தடியில் உட்கார்ந்தாள், கோயில் படியில் உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். வெயில் ஏறும்போது அடி அண்ணாமலை வந்துவிட்டது. டீக்கடையும் வந்தது. கடை பெஞ்சில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு ஒருவர் போண்டா தின்றுகொண்டிருந்தார். அந்த முதுகுக்கு இருபது வருஷமாகச் சோப்புப் போட்டவள், அடையாளம் தெரியாமல் போகுமா?

"எழுந்து உக்காரக்கூட முடியலை, கருப்பா," என்று கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார் சக்கரவர்த்தி. "இன்னும் கொஞ்ச நாள்தான்னு நெனைக்கிறேன். சட்னி ஊத்து."

தின்று முடித்ததும் கையைக் கழுவினார். பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரப் புழுதியில் இரண்டு பாதத்தையும் நன்றாகத் தேய்த்தார். கணுக்கால் வரைக்கும், குழந்தைக்குப் பவுடர் பூசுகிற பக்குவத்தோடு.

பாஞ்சாலைக்கு முதலில் அழுகைதான் வந்தது. வாரா வாரம் அந்தக் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த ஆதிலட்சுமியை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒரு டீ குடுங்கண்ணே. சக்கரை ஜாஸ்தியா."

"தனியாவாம்மா மலை சுத்தற?" என்றான் கருப்பன். "யாருக்காக வேண்டுதல்?"

"எங்க வூட்டுக்காரருக்காகண்ணே. பாவம், அவரால நடக்க முடியலை."

சக்கரவர்த்தி திரும்பினார். தூக்கிப் பிடித்த வேட்டி கையிலேயே நின்றது. "ஏ, பாஞ்சாலை! உடம்பு என்னாத்துக்கு ஆவும்? அறிவு இருக்குதா உனக்கு?"

"நீதானாம்மா அந்த எழுந்து உக்கார முடியாத பொம்பள?" என்றான் கருப்பன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அடப்பாவி மனுஷா! வாரா வாரம் மொதல் பஸ்ஸுல வந்து எறங்கும்போதே நெனச்சேன்."

"முடிஞ்ச வரைக்கும் நடன்னாங்க டாக்டரம்மா," என்றாள் பாஞ்சாலை, டீயை ஊதிக்கொண்டே. "எனக்கு இது வரைக்கும்தான் முடிஞ்சுதுங்க. பாதி மலை நான் நடந்துட்டேன். மீதிப் பாதி உங்களுது."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னா சார், ஏறலையா?" என்றார், பழகிய வாடிக்கைக்காரரைக் கேட்பதுபோல.

"அவரு இன்னைக்கு நடக்கறாருங்க," என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு சக்கரவர்த்தி என்ன செய்ய முடியும்? நடந்தார்.

வீட்டில் கட்டில் காலியாகக் கிடந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த கன்னியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை அவர்களைத் தாண்டிப் போய்க் குளித்தாள், கரண்டு வைக்கிற இடம் தெரிய மார்பில் மையால் போட்ட கோடு நனையாமல். உலை வைத்தாள்.

உச்சி வெயிலில் சக்கரவர்த்தி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். நேராகப் போய்க் கட்டிலில் சாய்ந்தார். கன்னியம்மாளுக்கு உயிர் வந்தது. பார்ப்பதற்கு ஒரு நோயாளி கிடைத்துவிட்டாரே!

"ஐயோ, பொண்டாட்டிக்காக இப்படியா!" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் தலைமாட்டில் வைத்தாள்.

ஆதிலட்சுமி தம்பியின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "பாவி, நீ ஏண்டி நின்னுக்கிட்டு இருக்கற? போய்ப் படு!" என்று சீறினாள்.

"எங்க படுக்கறது அண்ணி? கட்டில்லதான் ஆள் இருக்குதே." பாஞ்சாலை தலைமாட்டிலிருந்த பாட்டிலை எடுத்தாள். "அந்த ஆராயிக்குச் சொல்லி அனுப்புங்க. இவரை இந்த நெலமையில பாத்துக்க அவளுக்குச் சம்மதமான்னு நல்லாக் கேட்டுக்கோங்க."

பாஞ்சாலை அடுப்படிக்குப் போய் ஹார்லிக்ஸைத் திக்காகக் கலக்கி, நின்றுகொண்டே குடித்தாள். மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.