சரி சொன்னபோது எவ்வளவு

எங்கள் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சுகர் பார்க்கும் மீட்டரை எடுப்பார்கள்.

வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அதே கூத்துதான். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. முன்பொரு தடவை ஒரு ஆள், தானே மேலே உட்கார்ந்து நொறுக்கிய கண்ணாடியைக் கொண்டுவந்து, "நீங்க மாட்டிக் குடுத்த லட்சணத்தைப் பாருங்க" என்றான். "நீங்க உக்காந்தா இரும்பு ஃபிரேமே தாங்காதுங்க" என்றேன். தப்பா? முதலாளி ஓடிவந்து என் கையில் ஜூஸைத் திணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், அவங்களுக்குச் சுகர் இறங்கிடுச்சு." அந்த ஆள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அப்போது சுகர் நூற்று நாற்பது, இறங்கவே இல்லை. மரியாதைக்காகக் குடித்த ஜூஸில் சாயங்காலம் முந்நூறைத் தாண்டியது.

சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசிதான். ஊசி இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் அதை நம்பவும் முடியாது. நேற்றுச் சாப்பிட்ட அதே சாப்பாடு, அதே அளவு மருந்து. நேற்று நல்ல பிள்ளையாக இருந்த சுகர் இன்றைக்கு மரமேறும், இல்லாவிட்டால் கிணற்றில் குதிக்கும். "நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" என்று கேட்டால், "சில பேருக்கு அப்படித்தாம்மா" என்பார். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பு.

முன்பெல்லாம் இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சில வருஷமாக அதுவும் இல்லை. எச்சரித்து எச்சரித்து உடம்புக்கே சலித்துவிட்டது. இறங்கினால் நான் சண்டை பிடிக்கிறேன், அது ஒன்றுதான் அடையாளம் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அன்றோடு என் கோபம் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. மெல்ல மெல்லக் கோபப்படுவதையே விட்டேன். அதோடு சேர்ந்து சந்தோஷமும் எங்கோ போய்விட்டது. மரத்துப் போவதில் ஒரு வசதி, வலிக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் மகள். நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

கொஞ்ச நாள் முன்னால் நான் சமையலறையில் விழுந்து கிடந்தபோது, அவள்தான் குளுக்கோஸைக் குழைத்து என் கன்னத்தின் உட்பக்கம் தடவிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள். கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். "அண்ணி, அவ குழந்தை. உங்களுக்குக் காவல் இருக்கறதா அவ வேலை? கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும், ஸ்கூலும் அங்கேருந்து பக்கம்."

நாத்தனார் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் குத்தியது. ஆனால் கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? என் சுகர் ஒரு நிலையில் நிற்கும்வரை என்றால், கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்த கொக்கின் கதைதான். போனால் திரும்பி வர மாட்டாள். "முடியாது" என்றேன். வீட்டுக்காரர் மீட்டரை எடுத்தார். மறுபடி ஒரு நாள் நாத்தனார் கேட்டாள். முடியாது என்றேன், மறுபடி மீட்டர். இரண்டு தடவையும் சுகர் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், "நிதானமா இருக்கறப்ப பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்காரும் முன் ஊசி போட்டுக்கொண்டேன். போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சுகர் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். வந்தவளுக்கு முதலில் பரிமாறாமல் எப்படி? அவளுக்கு வைத்தேன், இவருக்கு வைத்தேன், மகளுக்கு வைத்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

பிறகு பார்த்தால், கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்புக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். நான் இன்னும் சாப்பிடவே இல்லை, என் தட்டு காலி. மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. குளுக்கோஸை வாயில் கொட்டிக்கொண்டு காத்திருந்தேன். தலை தெளியத் தெளிய, வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. மகளின் பள்ளிப் பையைக் காணோம். கொடியில் காய்ந்த சீருடையைக் காணோம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "கொண்டுபோய் விட்டுட்டேன். இன்னைக்குத்தான் நீ பொறுப்பா பேசின. ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"சரி, கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னியே. சிரிச்சுக்கிட்டே சொன்னியே!"

மீட்டரில் பதிவாகியிருந்த நாற்பத்தாறை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

"முடியாதுன்னு சொன்னப்பல்லாம் என் விரலைக் குத்தினீங்க. சரின்னு சொன்னப்ப ஏன் குத்தல?"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருக்கலாம். கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெறும் சுவர். "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

நாத்தனார் கதவைத் திறந்ததும், "என்னண்ணே, அண்ணிக்குச் செக் பண்ணியா?" என்றாள்.

"அவ சொல்றதக் கேளு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்கிறேன்.

மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை மடியிலேயே இருந்தது. அழுது ஓய்ந்த முகம்.

"வீட்டுக்குப் போலாம் வாடி."

"நீதானே போன்னு சொன்ன? நான் வாசல்ல நின்னு உன்னையே பாத்தேன். நீ சிரிச்ச."

"அது அம்மா இல்லடி. சுகர் இறங்கியிருந்துச்சு."

ஊரே என்னைப் பற்றிச் சொல்லும் வாக்கியம். முன்பெல்லாம் அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இப்போது நானே சொன்னேன். பொய்யும் இல்லை.

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "இப்ப வான்னு கூப்பிடறியே, இப்ப எவ்வளவு?"

அவசரத்தில் மீட்டரை மேஜைமேலேயே விட்டு வந்திருந்தேன். "தெரியலடி" என்றேன்.

அவள் பையைத் திறந்தாள். புத்தகங்களுக்கு அடியில் கையைவிட்டு, வீட்டில் உபரியாகக் கிடந்த இன்னொரு மீட்டரை எடுத்தாள். அது அவள் பையில் இருப்பது எனக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. என் விரலைப் பிடித்துத் துடைத்தாள், குத்தினாள், சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வாங்கினாள்.

"நூத்தி இருபத்தெட்டு," என்றாள். "சரி, வர்றேன்."

குத்திய ஊசியை அவள் பத்திரமாக மூடி போட்டு வைப்பதை நாத்தனார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமல் என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.