சட்டை மட்டும் நடந்த ஊர்

"சட்டை மட்டும் தனியா நடந்து போகுதே, அதுக்குக் கால் வலிக்காதா அத்தை?" என்று நான்கு வயது வெள்ளைத்தாய் ஒருமுறை கேட்டாள். ஆடு மேய்க்கும் பெருமாயி, "வலிக்கும் தாயி, உள்ள ஆளு இருக்காம்லா" என்றாள்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊர். எழுபத்தைந்தாம் வருஷம் மழை பொய்த்துப் பருத்தி கருகியபோது, முதியோர் பென்ஷன் விசாரிக்க ஓர் அதிகாரி பார்வதியம்மாள் வீட்டுக்கு வந்தார். வயது வந்த மகன் இருந்தால் பென்ஷன் கிடையாது என்பது விதி. மகன் பூவனலிங்கம் அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு வேலை இல்லை, குலுக்கையில் தானியமும் இல்லை. மகன் உண்டா என்று அதிகாரி கேட்க, "இல்லைங்கய்யா" என்றாள் தாய். சொல்லி வாய் மூடுமுன் பூவனலிங்கம் மறைந்துபோனான். வேட்டியும் சட்டையும் நின்றன. செம்பு அந்தரத்தில் இருந்தது. அதிகாரி அதை வாங்கிக் குடித்துவிட்டு, மகன் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பார்வதியம்மாள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே ஆள் இருந்தான்.

அந்த மாதமே மணியார்டர் வந்தது. அதைப் பார்த்து மற்றத் தாய்மாரும் தங்களுக்கு மகன் இல்லை என்றார்கள். தெருவெல்லாம் ஆளில்லாத சட்டைகள் நடந்தன. நிறையப் பேருக்கு உதவியதாக அதிகாரிக்குப் பாராட்டுக் கிடைத்தது. வாலிபரே இல்லாத ஊருக்கு எதற்கு என்று ரோட்டு வேலையையும் விதைக் கடனையும் மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே பிள்ளை இல்லாத பெருமாயி மனுக் கொடுக்கப் போனாள். ஊருக்கு ஒதுக்கிய எண்ணிக்கை நிறைந்துவிட்டது, யாராவது செத்தால் வா என்றார்கள். "பொய்ப் பிள்ளையில்லாதவியளுக்கு எடம் இருக்கு, மெய்யா இல்லாதவளுக்கு இல்லையாம்" என்று சிரித்துக்கொண்டே ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணுக்குத் தெரியாதவனுக்கு யாரும் கூலி வேலை கொடுக்கவில்லை. பென்ஷன் தாய்க்கே பற்றவில்லை. பெருமாயிதான் மத்தியானம் தோறும், "ஏலே பூவனம், இங்கன வா" என்று கூப்பிட்டுத் தன் கம்பங்கஞ்சியில் பாதியை ஊற்றினாள். தன் இடத்தைத்தான் அவன் தாய் வாங்கியிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பார்வதியம்மாள் மகன் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கழுகுமலைக்கு நடந்துபோய், அவன் முகத்தை ஒரே ஒரு தடவை காட்டு, முருகா என்று அழுதாள். பிறகு அவனைக் கையோடு ஆபீசுக்கே கூட்டிப்போய், மகன் இருக்கிறான், பென்ஷன் வேண்டாம் என்றாள். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "சட்டைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார். அப்புறம், கொடுத்ததை நிறுத்தினால் முதலில் கொடுத்தது தப்பென்று ஆகிவிடும், இனி இறப்புக்குத்தான் நிறுத்த முடியும் என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பார்வதியம்மாள் இறந்தாள். சுடுகாட்டில் கொள்ளிக்கட்டை தானாகச் சென்று சிதையைத் தொட்டது. தீப் பிடித்ததும் பூவனலிங்கம் எல்லார் கண்ணுக்கும் தெரிய நின்றுகொண்டிருந்தான், காதோரம் நரைத்து. அவன் வயதுக்காரர்களே திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டியவள் நெருப்புக்குள் இருந்தாள்.

பென்ஷனில் காலியான இடம் பெருமாயிக்கு வரவில்லை. வேறு பெயரை முன்பே எழுதியிருந்தார்கள். அவளுக்கும் நடை தளர்ந்துவிட்டது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் பூவனலிங்கத்துக்கு வேலை கிடைத்தது. விடியுமுன் பஸ்ஸுக்குப் போகிறவன், பெருமாயி தொழுவில் ஆடுகளோடு இருக்கும் நேரமாகப் பார்த்து, அவள் வாசல் உறியில் ஒரு கலயம் கஞ்சி வைத்துவிட்டுப் போனான். இப்போது ஊரே பார்க்கும்படியான ஆள்தான் அவன். ஆனாலும் அவன் வைத்ததை ஒருவரும் பார்த்ததில்லை. உறியில் கலயம் தினமும் நிறைந்திருப்பதைப் பெருமாயி யாரிடமும் விசாரிக்கவில்லை. குடித்துவிட்டு, கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.