தலைகீழாக்க வேண்டிய பின்னம்

என் வீட்டுக்காரர் பிச்சைமுத்துவுக்குக் கருமாதி முடிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஊரில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டில் இருந்தால், வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுரு தாயி, அழுதாத்தான் ஆறும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வராத அழுகையை நான் எங்கே போய் வாங்கி வருவது? கீரனூர் ரோட்டில் லாரி மோதி, அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியபோதே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தையே தொட்டுப் பார்த்தால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

எங்களுடையது குளத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு டீச்சர். சத்தத்துக்குப் பேர் போன வகுப்பு அது. காரணம் நான்தான். போர்டில் வேண்டுமென்றே எங்காவது ஒரு தப்பு விடுவேன். கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய். "டீச்சர், தப்பு! டீச்சர், தப்பு!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார்கள். ஹெச்.எம். ஆத்மநாதன் சார் வாசலில் வந்து நின்று, "இது வகுப்பா, சந்தைக்கடையாங்க?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். டீச்சர் மூஞ்சிக்கு நேராகத் தப்பு என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் வந்துவிட்டால் பாடம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கென்று தேறியது இந்த ஒன்றுதான்.

நான் திரும்பி வந்த பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. புரிந்ததா என்றால் "புரிஞ்சுச்சு டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. பரவாயில்லை, பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஹெச்.எம். கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு எமிஸ் வேலையப் பாருங்களேன். கணக்கக் கோபிநாத் சார் எடுக்கட்டும்."

எமிஸ் என்றால், பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஆபீஸ் ரூமில் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கலாம். கோபிநாத் சார் எங்கள் அறிவியல் வாத்தியார், நல்ல பையன். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீடு ஏற்கெனவே எனக்கு வெறும் சுவராகிவிட்டது. வகுப்பையும் எடுத்துக்கொண்டால் காலையில் எழுந்து சேலை கட்ட எனக்கு வேறு காரணம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் எடுக்கிறேன்" என்றேன்.

அவர் மேஜையைப் பார்த்தபடி, "பி.இ.ஓ. சார் விசிட் வர்றாரு. அது முடியட்டும், பாத்துக்கிட்டு முடிவு பண்ணுவோம்ங்க" என்றார்.

வட்டாரக் கல்வி அலுவலர், பி.இ.ஓ. வசந்தகுமார் சார் வந்தார். பின்ன வகுத்தல் நடக்கிறது என்றதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவராகவே ஒரு கேள்வி கேட்டார். அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வேண்டும்? போர்டில் போட்டுக் காட்டணும்.

சத்யா எழுந்து போனாள். முதல் பின்னத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினாள். ஐயோ, முதல் பின்னத்தை அல்லவா திருப்பிப்போட வேண்டும், அப்படித்தானே சொல்லிக்கொடுத்தேன், மானத்தை வாங்குகிறாளே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் 'இரண்டு பாட்டில்' என்று எழுதிச் சாக்பீஸை வைத்தாள். பி.இ.ஓ. கைதட்டினார்.

இரண்டு பாட்டில்தான். அரை லிட்டரில் இரண்டு கால் லிட்டர். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை எதற்கும் தெரியும். என் வழியில் போட்டால் அரை பாட்டில் என்று வரும். நான் மனசுக்குள் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அரைதான் வந்தது.

"நல்ல கிளாஸ். அமைதியாவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஹெச்.எம்.முக்கு வாயெல்லாம் பல். "எமிஸ் பேச்ச விட்ருங்க டீச்சர். கணக்கு ஒங்களுக்குத்தான்" என்று வராண்டாவிலேயே சொன்னார். நான் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இதை யாரு சொல்லிக்குடுத்தது?"

சத்யாவையே பார்த்தேன்.

"கோபிநாத் சாரு டீச்சர்" என்றாள். "கேம்ஸ் பீரியட்ல எடுத்தாரு. நாங்கதான் போயிக் கேட்டோம். அவரு மேல தப்பில்ல."

"நான் தப்பாச் சொல்றேன்னு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும் டீச்சர். பாலாஜி கையத் தூக்குனான். நான்தான் புடிச்சு இழுத்துட்டேன். ஒங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. எல்லாரு வீட்டுலயும் சொன்னாங்க."

அப்படியென்றால் இத்தனை நாளும் எனக்கு முன்னால் தப்பாகவே எழுதி, கேம்ஸ் பீரியடில் போய்ச் சரியாகப் படித்திருக்கிறார்கள். விளையாட்டை விட்டுவிட்டு. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் சுள்ளென்று வந்தது. வெகுநாள் கழித்து எனக்கு வந்த முதல் சொரணை அது.

"எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்தியிருக்கீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நான் பேசாம ஆபீசு ரூமுக்கே போயிருறேன். தப்புன்னு சொல்லாத வகுப்புல எனக்கு என்ன வேல?"

முன்பெஞ்சு முழுக்கத் தலை கவிழ்ந்தது. நான் பையை எடுத்துவிட்டேன். வேஷத்துக்கு எடுக்கவில்லை, நிஜமாகவே போகத்தான் எடுத்தேன்.

"பெருக்கல் வாய்ப்பாட்டுலயும் ஒரு எடத்துல தப்பு டீச்சர்" என்றான் பாலாஜி தரையைப் பார்த்தபடி.

"அப்பறம்?"

"பரப்பளவுக்குச் சுத்தளவு எழுதிட்டீங்க" என்றது ஒரு குரல். "என்னையச் சத்யான்னு கூப்புடுறீங்க" என்றது இன்னொன்று. அடிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக வந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் உண்மை. ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

கடைசியில் அருணா எழுந்தாள். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை.

"தேதியும் டீச்சர்."

"என்ன தேதி?"

"காலையில வந்ததும் போர்டுல தேதி எழுதுவீங்கல்ல. தெனமும் ஒரே தேதிய எழுதுறீங்க. ஜூலை எட்டு. நீங்க செல்லுல அட்டெண்டன்ஸ் போடுறப்ப நான் வந்து அழிச்சிட்டு மாத்திருவேன். இன்னைக்கும் மாத்துனேன். சாரு வர்றாருல்ல."

போர்டைத் திரும்பிப் பார்த்தேன். மேல் மூலையில் தேதி உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது. என் எழுத்தில்லை. செப்டம்பர் இரண்டு என்றிருந்தது.

"இன்னைக்கு இதுவா தேதி?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர்" என்றார்கள்.

ஜூலை எட்டாம் தேதி காலையில்தான் என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை வண்டியில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் ஆகஸ்ட் ஒரு முழு மாதமும் கழிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.