நார்மன் வாசிக்காத டிரம்

1

இந்தக் கதை எனக்கு சூப்பர்மார்க்கெட்டில், உறைந்த பட்டாணிப் பெட்டியின் முன்னால் கிடைத்தது. நல்ல கதைகள் மழையில் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் மன்னிக்க. எங்கள் சண்டர்லாந்தில் மழைக்குக் குறைவில்லை, கதைக்குத்தான்.

கூரை ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டு ஓடியது. இந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் அறுபதுகளில் நாட்டையே ஆட்டிவைத்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு.

"உங்க வீட்டுக்காரர் வாசிச்சதாச்சே, வின்னிம்மா!" என்றாள் பட்டாணி அடுக்கிய பெண்.

"இதுல அடிக்கிறது என் புருஷன் இல்ல கண்ணு" என்றாள் என் பக்கத்தில் நின்ற வயதான வின்னி, மீன் விலையைப் பார்த்தபடி.

2

வின்னியின் கணவன் நார்மனைப் பற்றி நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்த அந்தக் காலையில் நார்மன்...' (அடித்துவிட்டேன். அந்தப் பனியில் நார்மனே தெரியவில்லை.)

இரண்டாவது: லண்டன் ஒலிப்பதிவுக் கூடம். டை கட்டிய தயாரிப்பாளர் நார்மனின் டிரம்மை ஒருமுறை கேட்டார். "தம்பி, போய் டீ குடிச்சிட்டு வாயேன்" என்றார். அவன் திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வாசித்து முடித்து, கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று அதுதான் வழக்கம். இசைத்தட்டு உறையில் குழுவின் முகம், உள்ளே கூலிக்கு வந்தவரின் கை. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. பொய் என்பது ஏழைகள் சொல்வது.

"ஒனக்கென்னடா, டீயும் கெடச்சுது, பாட்டும் ஹிட்டு!" என்று சிரித்தான் கிட்டார்காரன்.

3

பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் சட்டென நின்றுவிடும். இரண்டு தாள நேரம் மௌனம். பிறகு மாடிப்படியில் உருண்டு விழுவதுபோல டிரம் முழங்கும். கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த வின்னி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு இசைத்தட்டையே தேய்த்தாள். அப்புறம்தான் நார்மனைக் காதலித்தாள்.

(அவள் காதலித்தது ஆளையா, அந்த இடத்தையா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நம் காதல்களை யார் இப்படித் தோண்டியிருக்கிறார்கள்? விடுங்கள்.)

தொலைக்காட்சியில் இசைத்தட்டை ஓடவிட்டு வாசிப்பதுபோல நடிப்பார்கள். சத்தம் வராமலிருக்க டிரம் மேல் ரப்பர் போட்டிருக்கும். ஒருநாள் அப்படி ஒரு நிகழ்ச்சியின் பார்வையாளர் கூட்டத்தில் வின்னியும் இருந்தாள். மௌனம் வந்தது. டிரம் உருண்டது. நார்மனின் குச்சி அதற்குப் பிறகுதான் இறங்கியது. சுற்றிலும் பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். வின்னி மட்டும் அலறலை நிறுத்தினாள்.

4

அன்று மாலை மீன் வறுவல் கடை. நார்மனின் பையில் மோதிரம்.

"கல்யாணம் பண்ணிக்கலாமா, கண்ணு?"

"அந்த எடத்த வாசிச்சுக் காட்டு. அப்புறம் சொல்றேன்."

"இங்கயா? சிப்ஸ் ஆறிடும்."

"ஆறட்டும்."

இரண்டு முள்கரண்டியை எடுத்து மேசையில் வாசித்தான். மௌனத்தில் அதிகம் காத்திருந்தான். டிரம் உருளவில்லை, தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஒருவர் படியிறங்குவதுபோல வந்தது.

"மேசைல அடிச்சா இப்படித்தான் கேக்கும்" என்றான்.

"மேசையோட தப்பா?"

நார்மன், ஏற்கெனவே வினிகர் ஊற்றிய சிப்ஸுக்கு மறுபடி வினிகர் ஊற்றினான்.

முடிவு (அ): அவன் உண்மையைச் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள், பின்னணியில் வயலின். (வேண்டாம். இந்த ஊரில் வினிகரைத் தாண்டி யாரும் மனம் திறந்ததில்லை.)

முடிவு (ஆ): அவள் லண்டனுக்குப் போய், உண்மையில் வாசித்த அந்த மூக்குக்கண்ணாடிக்காரரைத் தேடி... (அவருக்கு மனைவி இருப்பாள். அவளுக்கு டிரம் சத்தமே பிடிக்காது.)

5

பட்டாணிப் பெட்டி. கூரைப் பாட்டில் மௌனம் வந்தது. வின்னியின் விரல் தள்ளுவண்டிக் கைப்பிடியில் எழுந்தது. மேலே டிரம் உருண்டு விழுந்தது. விரல் இன்னும் அந்தரத்தில். பிறகு மெதுவாக, படியிறங்குவதுபோலத் தட்டியது.

"லேட்டு, வின்னிம்மா!" என்று சிரித்தாள் பட்டாணிப் பெண்.

"பாட்டுதான் அவசரப்படுது" என்றாள் வின்னி.

அன்று மீன் வறுவல் கடையில் யார் முதலில் உண்மையைப் பேசினார்கள், அல்லது இருவருமே கடைசிவரை பேசாமலே வாழ்ந்துவிட்டார்களா? நான் கேட்கவில்லை, என் பட்டாணி உருகிக்கொண்டிருந்தது. என் கதையில் முள்கரண்டிகள் இன்னும் மேசைமேல்தான் இருக்கின்றன. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டு தாள நேரம் இருக்கிறது. நார்மனின் கணக்கில் என்றால், கொஞ்சம் கூடவே.