முட்டை வட்டம்

வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மானத்தோடு இருக்க முடியுமா? அதுவும் கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கதி. பின்னறையில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த, கணினி சொல்படி உலோகம் வெட்டும் சின்ன சி.என்.சி.யைப் பார்த்தாலே அவருக்கு இப்போது குமட்டியது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வட்டம் வட்டமா வரணும். இல்லேன்னா அறையைக் காலி பண்ணுங்க, என் தம்பி தங்கிக்கட்டும்," என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். தம்பிக்காரன் பெட்டி படுக்கையோடு வந்தும் இறங்கிவிட்டான்.

வாத்தியார் இயந்திரத்தின் மேசையை நகர்த்தும் தேய்ந்த திருகுத்தண்டைக் கழற்றினார். கறுத்த கிரீஸில் அலுமினியச் சீவலும் செத்த பூச்சியும். சீ! புதுத் தண்டு உயர்ந்த ரகம். அதன் நட்டுக்குள் பொடிப்பொடி எஃகுக் குண்டுகள் உருளும், ஆட்டம் இருக்காது. ஆனால் நட்டைக் கழற்றும்போது தண்டின் முனையில் ஒரு குழாயை வைத்து அதன்மேல்தான் நகர்த்த வேண்டும்; வெறுமனே உருவினால் குண்டெல்லாம் கொட்டிவிடும். இதைப் படித்துப் படித்துச் சொல்லி, நட்டைக் கழற்றித் திசை மாற்றி மாட்டும் வேலையை மச்சானிடம் விட்டுவிட்டு போல்ட் வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது, "ஆச்சு மாமா, சும்மா வழுக்கிக்கிட்டு ஓடுது," என்றான்.

ஓடிய லட்சணம்! மேசை தடக் தடக்கென்று நொண்டியது. முட்டை போய் உருளைக்கிழங்கு வந்தது.

"உங்க ராசி அப்படி மாமா," என்று மச்சான் உச்சுக்கொட்டினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாத்தியார் நட்டைப் பிரித்தார். கிரீஸில் திரண்ட நீல நூல், நடுவே சுருண்ட தலைமயிர்.

"என்னடா இது அசிங்கம்?"

"கம்பெனிக்காரன் அப்படியே அனுப்பியிருப்பான்."

எட்டிப் பார்த்த மனைவி அந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். அறை மூலைக்குப் போனாள். அங்கே மச்சான் முன்கூட்டியே விரித்திருந்த நீலப் போர்வையை எடுத்து உதறினாள். எஃகுக் குண்டுகள் கலகலவென்று தரையில் உருண்டன.

"குழாய் வைக்காம உருவினியா?"

"கொட்டிடுச்சுக்கா. கெடச்சத அள்ளிப் போட்டுட்டேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மாமா வேற நட்டு வாங்குவாரு. அறை கிடைக்காதே."

தூ! வாத்தியாருக்கு அந்தக் கிரீஸே தேவலை என்றாகிவிட்டது. மனைவி போர்வையைச் சுருட்டித் தம்பியின் மார்பில் எறிந்தாள்.

"எல்லாத்தையும் பொறுக்கு. வட்டம் வர்ற வரைக்கும் உனக்குப் படுக்கை வாசல் நடையிலதான்."