தணிகைவேல் வரப்பில் நிற்கிறான்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. திருக்கனூர் பஸ்ஸில் முன் இருக்கையில், கால்பந்து சட்டை போட்ட இரண்டு பெண்கள் வில்லியனூரிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சிரித்து ஓயும் நேரம் பார்த்து மற்றவள், “ஆனா சுத்தமா எடுத்தாருடி” என்பாள். மறுபடி ஆரம்பம். டிக்கெட் கேட்டு நின்ற கண்டக்டருக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். இறங்குமுன் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“எதிர் டீமு மேனேஜருங்க. வெளிய நின்னு கத்தறதுதான் அவரு வேல. மேட்ச் நடந்துனு இருக்கச்சொல்லோ உள்ள ஓடியாந்து இவ காலுல இருந்த பந்த எடுத்துனு பூட்டாரு.”

அவர்கள் கொடுத்தது அவ்வளவுதான். மீதி என் சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கொல்கத்தாவின் பனி மூடிய காலையில் நட்சத்திர வீரன் தணிகைவேல் தன் பூட்ஸ் கயிற்றை இழுத்துக்—”

வேண்டாம். அவன் நட்சத்திரமெல்லாம் இல்லை.

பிறகு இப்படி: “பண்டசோழநல்லூரின் பச்சை வயல்கள் காற்றில் அலையலையாய்—”

இது அதைவிட மோசம். அந்த வயலில் நாளெல்லாம் குனிந்தவர்களுக்குப் பச்சை தெரியாது, இடுப்புதான் தெரியும்.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தணிகைவேல் பண்டசோழநல்லூர்க்காரன். அப்பா பலராமன் கரும்பு வெட்டினார், அம்மா தனக்கொடி நாற்று நட்டாள். இரண்டும் அடுத்தவர் நிலத்தில். மகன் பந்தை உதைத்து உதைத்தே கொல்கத்தாவுக்குப் போனான், அங்கிருந்து கோவாவுக்கு. சம்பளத்துக்கு ஆடினான். ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசி ஆள். கோல் போட்டவனுக்குப் பேப்பரில் படம் வரும். தடுத்தவனுக்கு முட்டியில் ஐஸ் கட்டி வரும். இரண்டு முட்டியும் தேய்ந்ததும் ஊர் திரும்பினான். பாகூர் பெண்கள் அணி அவனை மேனேஜராக வைத்துக்கொண்டது.

(மேனேஜர் ஆனபிறகு ‘அவர்’ என்று எழுத வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். அவனே திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். விட்டுவிட்டேன்.)

3

பாகூர் அணியின் மைதானம் ஓர் அறுத்த கழனி. மூன்று பக்கம் சுண்ணாம்புக் கோடு, நாலாவது பக்கம் வரப்பு. மேனேஜர் நிற்க வேண்டிய இடம் அந்த வரப்பு.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் வரப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. மேலே நின்று சொல்பவர் ஆண்டை, நிலத்துக்காரர். கீழே இறங்கிச் செய்பவர்கள் நாங்கள். தணிகைவேல் பிறந்ததிலிருந்து வரப்பில் நடந்திருக்கிறான். நின்றதில்லை.

முதல் ஆட்டத்தில் வாயைத் திறந்தான், காற்று வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. “ஏ உஷா, இன்னா வேடிக்க பாத்துனு நிக்கற? எறங்கி ஓடு!”

வேடிக்கை பார்க்க வந்திருந்த தனக்கொடி, வேர்க்கடலையை உரித்தபடி சொன்னாள்: “அடேங்கப்பா, ஆண்டை கணக்கா இன்னா அதட்டு அதட்டுறான் பாரு. கையில புடிக்க கொடை ஒண்ணுதான் கொறச்சல்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் காதில் நுழைந்து நேராகக் காலுக்குப் போய்விட்டது.

அடுத்த ஆட்டம் திருக்கனூரோடு. அவர்களுடைய சுவேதா எல்லாரையும் தாண்டித் தனியாகப் பந்தோடு வருகிறாள். தணிகைவேல் வரப்பில் நிற்கிறான். அடுத்த வரியில் அவன் கழனியில் இருக்கிறான். நடுவில் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவள் மேல் துணிகூடப் படாமல் பந்தை மட்டும் எடுத்தான், தலையை நிமிர்த்தினான், தன் அணி உஷாராணிக்கு அழகாகத் தட்டிவிட்டான். வரப்பில் பாதி ஏறியபோதுதான் ஊரே தன்னைப் பார்ப்பதைக் கவனித்தான்.

சுவேதா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: “அண்ணே, நீங்க எந்த டீமு?”

நடுவர் அரிகரன், அரசுப் பள்ளியின் விளையாட்டு மாஸ்டர், விசிலை வாயில் வைத்தார். சிரிப்பு வந்து விசில் கீழே விழுந்தது.

“எதுக்குய்யா எறங்குன?”

“தெரியல சார். கால் எறங்கிடுச்சு.”

“அப்ப காலுக்குத்தான் கார்டு காட்டணும்.” மஞ்சள் அட்டையைக் குனிந்து முழங்காலுக்கே காட்டினார். “இன்னொரு வாட்டி ஒன் கால் கீழ வந்துச்சு, ஒன் டீமே வெளிய.”*

ஆட்டம் சமனில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே கழனியில் மறு ஆட்டம். ஜெயிப்பவர்கள் நகரத்து லீக்கில் சேர்வார்கள். பாகூர் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள்.

* இப்படி ஒரு விதி உண்டா என்று தேடாதீர்கள். அரிகரன் மாஸ்டர் சொன்னால் அந்தக் கழனியில் அது விதி.

4

தணிகைவேலின் மனைவி ஸ்டெல்லாவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வில்லியனூரில் மருந்துக் கடையில் வேலை. முதல் பிரதியில் அவளை அழவைத்தேன். “ஸ்டெல்லாவின் கண்கள் குளமாகி—” அவளுக்கு அது பொருந்தவில்லை. அவள் செய்தது வேறு. மாட்டுக் கயிறு ஒன்றை எடுத்து வந்து வாசலில் போட்டாள்.

“இன்னாது இது?”

“பயிரு மேயற மாட்ட கட்டறது இல்லியா? அதான்.”

அணித் தலைவி உஷாராணியும் அப்போதுதான் வந்தாள். சோப்பு பேக்டரியில் ஷிப்ட் முடித்து, சீருடையோடு.

“சார், ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது.”

“கேளும்மா.”

“நீங்க எறங்குனா அப்பறம் நாங்க எதுக்கு?”

“இல்ல, பந்து தனியா வந்துச்சா, அதான் ஒத்தாசைக்கு—”

“நாங்க நட்ட நாத்த புடுங்கி நீங்க மறுபடி நட்டா, அது ஒத்தாசையா? தோத்தா டீமு இல்ல. எனக்கு அந்த பேக்டரிய வுட்டா வேற எடமும் இல்ல. தெரியும். தோத்தா நாங்க தோக்கறோம். ஒங்க காலால தோக்க மாட்டோம்.”

தணிகைவேல் கயிற்றைப் பார்த்தான். “எந்தக் கால கட்டப் போற?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டான்.

“கார்டு வாங்குனத.”

5

ஞாயிற்றுக்கிழமை. வரப்போரத்து போர்செட் மோட்டார் கொட்டகைத் தூணில் கயிற்றின் ஒரு முனை, மேனேஜர் கணுக்காலில் மறுமுனை. தனக்கொடி மறக்காமல் குடை கொண்டுவந்திருந்தாள். “புடி. கொறை இருக்கக் கூடாது.” அவனும் பிடித்தான். இப்படி ஒரு காலில் கயிறும் கையில் குடையுமாக எந்த மேனேஜரும் எந்த நாட்டிலும் நின்றிருக்க மாட்டான். சுவேதா ஓடும்போதெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள், கயிறு இருக்கிறதா என்று.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்கள். பாகூர் கோல்கீப்பர் தேவி முன்னால் ஓடிவந்து அறுத்த நெல் தாளில் வழுக்கி விழுகிறாள். சுவேதா அவளைத் தாண்டித் தட்டிவிடுகிறாள். பந்து காலி கோலை நோக்கி உருள்கிறது. தூரத்திலிருந்து உஷாராணி ஓடிவருகிறாள்.

மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ. கயிறு அறுகிறது. அவன் இறங்குகிறான், பந்தைத் தடுக்கிறான், அணி வெளியே.

ஆ. கயிறு தாங்குகிறது. உஷாராணி பாய்ந்து தடுத்து, அதே பந்தை எடுத்துப்போய் கோலும் போடுகிறாள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இ. கயிறும் தாங்குகிறது, அவனும் ஓடுகிறான், தூண் பிடுங்கிக்கொண்டு கொட்டகையோடு கழனியில் இறங்குகிறான். (இதை எழுதும்போது நாற்காலியிலிருந்து விழப்பார்த்தேன். அரிகரன் மாஸ்டர் எந்த அட்டையை யாருக்குக் காட்டுவார்? தூணுக்கா?)

எதைப் போடலாம் என்று யோசித்தபடி, “ஓடு உஷா, எறங்கி ஓடு” என்று எழுதினேன். ஓடிக்கொண்டிருந்தவள் ஓட்டத்திலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வியை ஏற்கெனவே இந்தக் கதையில் எழுதியிருக்கிறேன். வாசலில், சீருடையோடு நின்றபோது.

உயரத்தில் இருந்துகொண்டு ஓடு, விழு, அழு என்று சொல்லிக்கொண்டிருப்பது தணிகைவேல் மட்டும் இல்லையே.

6

அவன் விரல்கள் வரப்பின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருக்கின்றன. கயிறு விறைத்திருக்கிறது. பின்னாலிருந்து தனக்கொடி சொல்கிறாள்:

“ஏன்டா நின்னுனே கெடக்குற? குந்து.”

எனக்கும் அவனுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. வரப்பில் நிற்பது ஆண்டைகள் பழக்கம். உட்கார்வது எங்களுடையது. கஞ்சி குடிக்கும்போதும், அடுத்த கழனிக்காரி நடுவதைப் பார்த்து வம்பு பேசும்போதும் அங்கேதான் குந்தியிருப்போம்.

தணிகைவேல் குடையை மடக்கினான். அம்மா பக்கத்தில் குந்தினான். கயிறு தொய்ந்தது. அவள் ஒரு கை வேர்க்கடலையை நீட்டினாள், வாங்கிக்கொண்டான். சட்டென்று சிரிப்பு வந்தது அவனுக்கு, பஸ்ஸில் வந்த அதே சிரிப்பு. கத்தினான்: “உஷா, நான் குந்திட்டேன். நீ பாத்துக்க.”

அ, ஆ, இ மூன்றையும் அடித்துவிட்டேன். பந்து இன்னும் உருள்கிறது. உஷாராணி வந்துகொண்டிருக்கிறாள். அவள் எட்டுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பேனாவை வைத்துவிட்டு இவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் ஏன் நின்றுகொண்டே பார்க்கிறீர்கள்? வரப்பு நீளம்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கயிற்றை மிதிக்காமல்.