நீல வெளிச்சத்தில் தெரிந்தது

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் மேஜையில் மல்லாந்து கிடந்தார் சென்னியப்பன். பக்கத்தில் ஒரு டிவிப் பெட்டி. கேபிள் வந்த புதிதில் வீட்டுக்கு வாங்கியதைவிடச் சின்னது. அதில் இப்போது அவருடைய மூத்திரப்பையையே காட்டப்போகிறார்களாம். கொடுத்துவைத்தவர்.

அன்னூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். சிவப்புத் தொட்டியில் நின்றால் மூத்திரமும் சிவப்பாகத்தான் போகும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. "என்னப்பா, இன்னைக்கு மெரூனா?" என்று கேலி பேசிச் சிரிப்பார்கள். அதனால் ரத்தம் போனபோதும் சாயம்தான் போகிறது என்று சும்மா இருந்துவிட்டார். வெள்ளைத் துணி வெளுக்கும் வேலைக்கு மாறிய பிறகும் சிவப்பு நிற்கவில்லை. உடம்பில் ஊறியது இறங்கட்டும் என்று இளநீராகக் குடித்துத் தள்ளினார். மனைவி பழனாத்தாள் வேட்டியில் கறையைப் பார்த்துவிட்டு அழுது இழுத்து வந்திருக்காவிட்டால், இன்னமும் இளநீர்தான் குடித்துக்கொண்டிருப்பார்.

பைக்குள் கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் நீல விளக்கு கோயமுத்தூருக்கு அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் அழகிரிசாமி எதையும் ஒளிக்கவில்லை. கேன்சர் ஓரிரண்டு இடத்தில்தான் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். எங்கும் பரவியிருந்தால் பையையே எடுக்க வேண்டும். அந்த ஆபரேஷனை இவருடைய பலவீனமான இதயம் தாங்காது. "ஒண்ணு ரெண்டுதானுங்க இருக்கும்" என்று டாக்டருக்கே தைரியம் சொல்லிவிட்டு, பழனாத்தாள் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"காலைல பைக்குள்ள மருந்து உட்டோமுல்லீங்க, அது கேன்சர் செல்லுலதான் தங்குமுங்க. நீல வெளிச்சம் பட்டா அது மட்டும் செவப்பா மின்னும்" என்றபடி டாக்டர் ஸ்விட்சைத் தட்டினார்.

திரை நீலமானது. ஒரு சிவப்புப் புள்ளி. ஒன்றுதான் என்று சென்னியப்பன் மூச்சு விட்டார். உள்ளே விட்டிருந்த கேமராக் குழாய் மெல்லத் திரும்பியது. இன்னொன்று. அதை ஒட்டி ஒரு கொத்து. அப்புறம் சுவரெல்லாம் சிவப்பு. உடம்பு மரத்துக் கிடந்தாலும் பயம் மரக்கவில்லை.

"சொரண்ட முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

டாக்டர் சாதாரண வெள்ளை வெளிச்சத்துக்கு மாற்றினார். அத்தனை சிவப்பும் போன இடம் தெரியவில்லை. வெளிர் ரோஸ் நிறத்தில், கழுவித் துடைத்த மாதிரி இருந்தது பை.

"ஏனுங்க டாக்டர்" என்றார் சென்னியப்பன். "வெளக்க மாத்தீறாதீங்க. இந்த வெள்ள வெளிச்சத்துலயே வெச்சு, எங்கூட்டுக்காரியக் கூப்புட்டுக் காட்டிப்போடுங்க."

டாக்டரின் கை ஸ்விட்சின் மேலேயே இருந்தது. நர்ஸ் கதவைப் பார்த்தாள்.